இரண்டு ஓட்டை போட்ட ராஜா காசு

எண்பத்தெட்டாம் வருஷம், கோடை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. பாண்டிச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பிரெஞ்சு ராஜா தலை போட்ட பழைய வெள்ளிக் காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. லீவு நாளானால் பஸ் பிடித்து மரக்காணம் பக்கம் போய்விடுவேன். உப்பளங்களைத் தாண்டியிருக்கும் மீனவர் குப்பங்களில் ஒரு காசைக் காட்டி, இதுபோல யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரிப்பேன்.

நல்ல காசை வெளியே எடுத்துப் போக மனசு வராது. அதனால் மாதிரிக்கென்று, வெள்ளிக் கடையில் உருக்கப் போட்டிருந்ததிலிருந்து வாங்கிய சேதமான காசு ஒன்றை வைத்திருந்தேன். ராஜா மூக்குக்கு நேரே போட்ட ஓட்டை விளிம்பு வரை பிய்ந்துபோனதால், கழுத்தருகே இன்னொன்று போட்டிருந்தார்கள்.

ஒரு குப்பத்தில், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் அதை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க வூட்டுக்காரர் அர்ணாக்கயித்துல கெடந்தது சார். ரெண்டாவது ஓட்டைய நான்தான் ஆணி வச்சி அடிச்சேன்."

ஐப்பசியில் கட்டுமரத்தில் போன கணவர் திரும்பவே இல்லையாம். சிலோன் பக்கம் எங்காவது ஒதுங்கியிருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

"யாரு சார் வித்தாங்க? அவரே வந்தாரா?"

கடைக்காரரிடம் காட்டுவதற்காகக் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். விசாரித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காசை விற்றவர் கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்து மீனவர் என்று வெள்ளிக் கடைக்காரர் சொன்னார். தேடிப் போனேன். அந்த மனிதர் எதையும் ஒளிக்கவில்லை.

"மழை நாள்ல ஒரு பாடி ஒதுங்குச்சி சார். மூஞ்சி தெரியல. எந்தக் கரையில ஒதுங்கினாலும் அங்க இருக்கறவங்க அடக்கம் பண்ணட்டும்னுதான கடலுக்குப் போறவன் இடுப்புல வெள்ளி கட்டிக்கறான்? அத வித்துதான் கோடித்துணி வாங்கினோம்" என்றார். புதைத்த இடத்தையும் காட்டினார்.

மறுபடி மரக்காணம் போகும்போது, இறங்காமல் அதே பஸ்ஸில் மெட்ராஸுக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நான் போகாவிட்டால் அவள் நம்பிக்கையோடாவது இருப்பாளே. ஆனால் அவள் தினமும் என்னையும் சேர்த்து எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. இறங்கிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புதுத்துணிதான சார் போத்தினாங்க?"

"ஆமாம்மா" என்று சொல்லிக் காசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவரு அடக்கத்துக்கு ஆன காசு அது. நான் திரும்ப வாங்கக் கூடாது. நீங்களே வச்சிக்குங்க."

அந்தச் செய்தியைக் கொண்டுபோனது உதவியா, கொடுமையா என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் முகம் தெரியாத ஒருவனின் வெள்ளியை அவனுக்கே செலவழித்து அனுப்பிவைத்தவர்களை நினைக்கும்போதெல்லாம், நான் எந்த ஊரில் போய் விழுந்தாலும் எனக்கும் யாராவது இருப்பார்கள் என்று ஒரு தைரியம் வருகிறது.