கதிரையைத் திருப்பிப் போட்ட பரீட்சை

செய்முறைப் பரீட்சையில் வாசிப்பைக் கேட்டே புள்ளியிட வேண்டும் என்பது விதி. பார்த்துப் புள்ளியிடலாம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சுற்றறிக்கைகளைக் கோவைப்படுத்திய எழுதுவினைஞன் நான்தான். ஆனாலும் புத்தளத்தில் எங்கள் கல்வி அலுவலகத்துக்கு வந்த பரீட்சகர், சங்கீத டீச்சரின் வயலினைக் கேட்காமல் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வில் ஓரிடத்தில் ஊர்ந்தது, ஓரிடத்தில் பாய்ந்தது. 'வில் சீரான வேகத்தில் செல்லவில்லை' என்று எழுதிச் சித்தியில்லை என்றுவிட்டார். சித்தியில்லாமல் டீச்சரின் நியமனம் நிரந்தரமாகாது. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து சிறுமியாக வந்து இங்கேயே வேரூன்றியவருக்கு அந்த ஒரு வேலைதான் பிடிமானம்.

மறுபரீட்சைக்கு நானே விண்ணப்பித்தேன். கூடவே ஒரு புத்திமதியும் சொன்னேன்.

"டீச்சர், அந்தாளுக்கு முன்னால மட்டும் ஒரே வேகத்துல இழுத்துட்டுப் போங்களேன். பொறகு உங்கட இஷ்டம்."

"மாட்டன் சேர். ஒரே வேகத்தில இழுக்கத் தச்சன்ர வாளே போதும். எனக்கென்னத்துக்கு வயலின்?"

மறுபரீட்சைக்கு வேறொருவர் வர வேண்டும் என்பதும் விதி. அதே மனிதர் வந்தார். டீச்சர் வில்லை எடுக்குமுன், "சேர், கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டுக் கேளுங்கோ" என்றார். அவர் என்னைப் பார்த்தார். கேட்டே புள்ளியிட வேண்டும் என்ற விதியை நான் இலக்கத்தோடு சொன்னேன். முணுமுணுத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஒரே பாட்டை டீச்சர் இருமுறை வாசித்தார். முதலில் சீரான வேகத்தில். வரவுப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுவதுபோல் இருந்தது. பிறகு தன் வழியில். வில் மெல்ல நகர்ந்தபோது சுரம் மூச்சடக்கி நின்றது. மேலே ஏறும் இடத்தில் வில்லை அழுத்தாமல் வேகத்தை மட்டும் கூட்டினார், ஒலி தானாக விரிந்தது.

"எது சேர் பாட்டு?"

"ரெண்டாவது" என்றது சுவரைப் பார்த்த முகம். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவருக்கே விளங்கியது. முடிவு மேலிடத்திலிருந்து வரும் என்று கிளம்பிவிட்டார்.

மேலிடம் வாய் திறக்கவில்லை. நான் ஓய்வுபெற்றேன், நினைவூட்டல் அனுப்புவதிலிருந்து ஓய்வுபெறவில்லை. சிலாபத்திலிருந்து என் இடத்துக்கு மாற்றலாகி வந்த எழுதுவினைஞர் கேலி செய்தார்: "பென்ஷன் எடுத்தும் எங்கள விடமாட்டீங்களா சேர்?"

"பதில் வரும்வரைக்கும் நான் டியூட்டிலதான் மகன்."

டீச்சரும் தற்காலிக ஆசிரியையாகவே இருந்து, வில்லின் வேகத்தை மாற்றித்தான் கற்பித்தார். கடைசியில், நியமனம் நிரந்தரம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது; வில்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. வந்த நாள், இந்த வருட நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்; என் டியூட்டியும் அன்றுதான் முடிந்தது.