கலங்கல் தண்ணிக்கு எந்த நரம்பு

கயாக்கை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது என் கணவர்தான்.

"கராஜ்ல சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது. போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டுடு. யாராவது வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார் போனில்.

அப்போது அவர் கலிஃபோர்னியாவுக்கு, சன்னிவேலுக்கு வேலைக்குப் போய் ஒரு குளிர்காலம் கடந்திருந்தது. நானும் மகளும் டெக்சாஸில், ஆலனில், எங்கள் பழைய வீட்டிலேயே இருந்தோம். பிரிந்து வாழலாம் என்று நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஒரு நாள் காலை அவருடைய டீமையே கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு வேலை போவது என்றால் என்னவென்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்; அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும். டாலஸ் பக்கம் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கிடைத்த ஒரே வேலை அங்கே. என் வேலையோ இங்கே, ஆபீசுக்கு நேரில் போயே ஆக வேண்டிய வேலை. மகள் ஹைஸ்கூலில் பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். இரண்டு பெட்டிகளோடு அவர் கிளம்பினார். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் அந்தச் சின்னப் படகு, கயாக்கும், தூண்டில் கோல்களும் கராஜிலேயே தங்கிவிட்டன.

தினமும் போன் பேசிக்கொண்டோம். முதல் சில வாரங்கள் நிறையப் பேசினோம். பிறகு பேச்சு தேய்ந்துகொண்டே வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா, ஏசி ஃபில்டர் மாத்துனியா, பாப்பா என்ன பண்றா. அவ்வளவுதான். சண்டை இல்லை, கோபமும் இல்லை. சொல்ல எதுவும் இல்லாமல் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்போம். "சரி, வைக்கட்டுமா?" என்று யாராவது ஒருவர் கேட்பதற்காகக் காத்திருப்பது போல இருக்கும்.

எங்கள் வேனில் டிரைவர் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் பட்டன் உண்டு. ஒன்று அவருக்கு, இரண்டு எனக்கு. ஆபீஸ் பார்க்கிங்கில் சில நாள் நான் ஒன்றாம் எண்ணை அழுத்துவேன். சீட் மெதுவாகப் பின்னால் போகும், முதுகு சாயும், கண்ணாடிகள் திரும்பும். அவருடைய உயரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கயாக்கை வாங்க ஒரு சனிக்கிழமை காலை பிக்கப் டிரக்கில் ஒரு அமெரிக்கர் வந்தார். தாடி வைத்த, பொறுமையான மனிதர். கயாக்கைத் தட்டிப் பார்த்தார். கோல்களைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒரு ரீலிலிருந்து தூண்டில் நரம்பைக் கொஞ்சம் உருவி விட்டார். அது சுருள்சுருளாக வந்து தரையில் விழுந்தது.

"எந்த லைன் போட்டிருக்கிறீர்கள்? மோனோவா? ரொம்ப நாளாகச் சுற்றியே கிடந்திருக்கிறது போல" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை. என் கணவரும் பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத்தான் வருவார். "விடுறதுக்கு எதுக்குங்க புடிக்கணும்?" என்று கேட்டுச் சிரித்ததோடு சரி, அந்தப் பக்கமே நான் போனதில்லை. "என் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மணி ஏழுகூட ஆகியிருக்காது. தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார்.

"ஏங்க, சின்ன ரீல்ல என்ன நரம்பு போட்டிருக்கீங்க? வந்தவரு கேக்குறாரு."

"சின்னதுலயா? அது மோனோ, சாதா நைலான் நரம்பு. பழசு. அவர அத உருவிப் போட்டுடச் சொல்லு. இவ்வளவு நாள் ஸ்பூல்லயே கெடந்தா அது சுருண்டுக்கும், வீசுனா சிக்கிக்கும். கறுப்பு ராடுல இருக்கறது பிரெய்டு, அது நல்லா இருக்கும். இரு, காட்டு..."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைமுடி ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தது. எந்த ஏரிக்கு எந்த நரம்பு, கயாக்கில் உட்கார்ந்தபடியே வீசுவதற்குக் கோல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், ரொம்ப நீளமாக இருந்தால் மீனைப் பக்கத்தில் கொண்டுவர ஏன் கஷ்டம், ரொம்பக் குட்டையாக இருந்தால் மீன் கயாக்கின் மூக்குக்கு அந்தப் பக்கம் ஓடும்போது ஏன் திருப்ப முடியாது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அதை எல்லாம் வந்தவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று மட்டும்தான் தோன்றியது.

வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இதை விற்கவில்லை. உங்களை அலைய வைத்துவிட்டேன்" என்றேன். அவர் என் முகத்தையும் போனையும் பார்த்துவிட்டு, "பரவாயில்லை மேடம், நானாக இருந்தாலும் விற்க மாட்டேன்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

"என்னம்மா, போயிட்டாரா? ஏன்?" என்றார் இவர்.

"நான் ஓட்டப் போறேன். எனக்குச் சொல்லிக் குடுங்க."

தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார். பிறகு, "மொதல்ல லைஃப் ஜாக்கெட் உனக்குச் சரியா வருதான்னு போட்டுப் பாரு" என்றார்.

அடுத்த வாரம் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனேன். நரம்புக்கு மட்டும் தனியாக ஒரு நீண்ட வரிசை. ஊரில் தங்கூஸ் என்று ஒரே ஒரு பெயரில் எதை வாங்கினாலும் முடிந்துவிடும். இங்கே பச்சை, மஞ்சள், கண்ணாடி நிறம் என்று நூற்றுக்கணக்கான சுருள்கள். போனை உயர்த்திப் பிடித்து அவருக்குக் காட்டிக்கொண்டே நடந்தேன். அவர் ஷட்டில் பஸ்ஸில் ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். இயர்போனை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"நம்ம ஏரி கலங்கல் தண்ணி. அடியில பூரா மரக்கட்டை. பிரெய்டு எடுத்துக்க. அது நூல் மாதிரி பின்னுனது, இழுத்தா நீளாது. மீன் தொட்டா கைக்கு உடனே தெரியும்."

"அப்ப அது மட்டும் போதுமா?"

"போதாது. அது மீன் கண்ணுக்குத் தெரியும். கல்லுல, கட்டையில ஒரசுனா பிஞ்சுடும். அதனால நுனியில ரெண்டு கை நீளத்துக்கு ஃப்ளூரோகார்பன் கட்டணும். அதுக்குப் பேரு லீடர். தண்ணிக்குள்ள அது இருக்கறதே தெரியாது."

"சரி. அப்ப மோனோ வேண்டாம்."

"சின்னதா ஒண்ணு வாங்கிக்க. ஸ்பூலுக்கு அடியில கொஞ்சம் சுத்தணும். இல்லன்னா பிரெய்டு வழுக்கிக்கிட்டு சும்மா சுத்தும்."

அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆனாலும் வைக்கவில்லை. நடந்துகொண்டே, முள்ளில் மாட்டுகிற ரப்பர் புழு எந்த நிறத்தில் வாங்க வேண்டும் என்று சொன்னார். கறுப்பும் நீலமும் கலந்தது. கலங்கலில் அதுதான் எடுபடுமாம். கோல், துடுப்பு, இடுக்கி எல்லாவற்றையும் கயாக்கோடு கட்டிவைக்கக் கயிறும் வாங்கச் சொன்னார். "கயாக்குல கட்டாம எது இருந்தாலும் அது ஏரிக்குச் சொந்தம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்கும் முடிச்சுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டு மேஜையில் போனை டப்பா ஒன்றில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அங்கே அவரும் ஒரு கயிறும் ஷூ லேஸும் வைத்துக்கொண்டு உட்காருவார். அவர் மற்றவர்களோடு பங்கு போட்டு வாடகைக்கு எடுத்திருந்த அறையின் சுவர் பின்னால் வெறுமையாகத் தெரியும். நான் கட்டி இழுப்பேன், அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். "ஈரம் பண்ணிட்டு இழு. வாயில வெச்சு நனைச்சுக்க" என்பார். மறுபடி கட்டுவேன். மகள் ஃப்ரிட்ஜைத் திறக்க வந்தவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அம்மா, யூ டோன்ட் ஈவன் ஈட் ஃபிஷ்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனால் சனிக்கிழமை காலைகளில் கயாக்கின் ஒரு முனையைத் தூக்கி வேனில் ஏற்ற அவள்தான் எழுந்து வந்தாள். பின் சீட்டுகளை மடக்கி, பாதி கயாக் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நுனியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு கிளம்புவேன்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் கிடைக்கவில்லை. துடுப்புப் போட்டுத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஏப்ரல் காற்று டெக்சாஸில் சொல்லாமல் கொள்ளாமல் வரும். நான் போக நினைத்த இடம் ஒன்று, அது கொண்டுபோய் விட்ட இடம் ஒன்று. பிறகு ஒரு நாள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் மீன் மாட்டியது. பச்சை முதுகு, பெரிய வாய். பயத்தோடு கீழுதட்டைப் பிடித்துத் தூக்கினேன். முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் இறக்கியதும், கொஞ்ச நேரம் என் விரலுக்குள்ளேயே நின்றது. வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இவர் இத்தனை வருடம் அலைந்திருக்கிறார் என்று புரிந்தது. அதைச் சொல்ல அவர் பக்கத்தில் இல்லை.

பெரிய மீன் மாட்டியது மே மாதத்தில். செத்த மரங்கள் தண்ணீருக்கு மேலே கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மூலை. ரப்பர் புழுவை ஒரு மரத்தை ஒட்டிப் போட்டேன். யாரோ கதவைத் தட்டுவது போல நரம்பு வழியாக இரண்டு தட்டு. கோலை மேலே இழுத்தேன். அடுத்த நொடி கயாக்கே நகர ஆரம்பித்தது. அது என்னை இழுத்துக்கொண்டு போனது! ஒரு தடவை தண்ணீருக்கு மேலே எழும்பி உடம்பை உதறியது. வாய் அத்தனை பெரிதாக இருந்தது. நான் ஏதோ கத்தினேன், என்னவென்று நினைவில்லை. கயாக்கின் மூக்கைச் சுற்றிக் கோலைத் திருப்பி, அதைப் பக்கத்தில் கொண்டுவந்து, வலையை எடுக்கக் குனிந்தேன். அது கடைசியாக ஒரு முறை கீழே பாய்ந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போனது. நரம்பு மரத்தில் உரசுவது கையில் தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. கோல் நிமிர்ந்துவிட்டது.

தண்ணீர் அடங்கியது. நான் அழ ஆரம்பித்தேன். வேலை போன அன்று அழவில்லை. ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டு வந்த அன்றும் அழவில்லை. மகள் பின் சீட்டில் இருந்தாள். யாரும் இல்லாத ஏரியில், லைஃப் ஜாக்கெட் கழுத்தை இறுக்க, ஏங்கி ஏங்கி அழுதேன். அழுகை நிற்காமலே அவரைக் கூப்பிட்டேன்.

"என்னாச்சு? விழுந்துட்டியா? எங்க இருக்க?" பதறிப் போனார்.

"மீன் போயிடுச்சுங்க."

"மீனா?"

"பெரிய மீனுங்க. கைக்கு வந்துடுச்சு. போயிடுச்சு."

"மீனுக்காம்மா இப்படி அழற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மீனுக்காக இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. "எங்க அறுந்துச்சு? முடிச்சுலயா?" என்று கேட்டார்.

நரம்பை இழுத்துப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே லீடர்தான் சிராய்த்து அறுந்திருந்தது. சொன்னேன்.

"அப்ப உன் முடிச்சு நின்னுருக்குது" என்றார். "நான் வர்ற வெள்ளிக்கிழம வரட்டுமா?"

"வாங்க."

வந்தார். இளைத்திருந்தார். சனிக்கிழமை ஏரிக்கரையில் அவருக்கு ஒரு கயாக் வாடகைக்கு எடுத்தோம். மாதக்கணக்கில் துடுப்பையே தொடாதவர், சீக்கிரமே மூச்சு வாங்கினார். நான் முன்னால் போய்விட்டு அவருக்காக நின்றேன். "ஏம்மா, மெதுவாப் போ" என்று கத்தினார். மரங்களுக்கு நடுவே இரண்டு கயாக்கையும் ஒட்டி நிறுத்திக்கொண்டோம். ஒன்று விலகிப் போகாமல் இருக்க அவர் என் கயாக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஏன் நீங்க எங்கயும் மீன் புடிக்கப் போகல?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ கடைக்குப் போனேன். ராடெல்லாம் எடுத்துப் பாத்தேன். திரும்பி வரும்போது யாரும் கேக்க மாட்டாங்களே, கெடச்சுதான்னு. அதான் வெச்சுட்டு வந்துட்டேன்."

அன்று மீன் எதுவும் தொடவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே மிதந்துகொண்டிருந்தோம். அவர் என் கயாக்கை விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் வண்டிகள் நின்றன, ஹாரன் அடித்தார்கள். "லீடர் கொஞ்சம் தடிமனா வாங்கு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கலிஃபோர்னியா ஆபீசுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் தண்ணீரில் இருக்கும்போது அவர் கூப்பிடுகிறார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். முன்பு போலவே சில நேரம் பேச எதுவும் இருப்பதில்லை.

போன வாரம், "சரி, வைக்கட்டுமா?" என்று நான் கேட்டேன்.

"வைக்காத. நீ பேச வேண்டாம், போன அப்படியே மடியில வெச்சுக்க" என்றார். "துடுப்புப் போடு. நான் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

மரங்கள் நிற்கிற மூலையைப் பார்த்து, அவசரமில்லாமல் துடுப்புப் போட்டேன்.