அடி மூட்டையின் ஈரம்

யாரையும் நம்பாத ஒரு மனிதரை இத்தனை பேர் எப்படி நம்புகிறார்கள்? டிக்கோயா சிவசாமியின் வாழ்க்கையைப் பார்த்தால் எழுகிற கேள்வி இதுதான். பழைய வேனோ லொறியோ, உள்ளே தண்ணீர் ஒழுகினால் அவரிடம் கொண்டுவருவார்கள். கொண்டுவருகிறவர் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணாடி ஓரத்தில்தான் ஒழுகுகிறது என்று வண்டிக்காரர் சத்தியம் செய்தால், "தண்ணி அங்க தெரியுது. அங்கதான் உள்ள வந்துச்சுன்னு யாரு சொன்னா?" என்பார்.

ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடங்கள் ஒரு கராஜில் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தியவர். இப்போது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுத் தனியாக வேலை செய்கிறார். அவரை மேதை என்று நான் சொல்லமாட்டேன். ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாமல் திருப்பி அனுப்பிய வண்டிகளும் உண்டு. அவரிடம் இருப்பது ஒரு முறை, அவ்வளவுதான். வண்டிக்குள் இருக்கும் விரிப்பையெல்லாம் கழற்றித் தகரத்தைத் துடைத்துக் காயவைப்பார். மூலைகளில் முகப்பவுடர் தூவுவார். பிறகு கதவுகளை அடைத்துக்கொண்டு டோர்ச் லைட்டுடன் உள்ளே உட்கார்ந்துவிடுவார். வெளியே அவருடைய மனைவி லெட்சுமி குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் கீழிருந்து மேலாக, சாண் சாணாக. மேலே முதலில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எந்த ஓட்டை என்று தெரியாது. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் குழாயை உயர்த்த வேண்டும். இரண்டு தட்டு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

லெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவருக்கு ஞாயிறுதான் ஓய்வு என்பதால் ஒழுக்குப் பார்ப்பதும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். "எல்லாரும் சாமிக்கு அபிஷேகம் பண்றாங்க, நான் வேனுக்குப் பண்றேன்" என்று அவர் சொல்லாத வாரமில்லை.

இந்த வேலையால் அந்த வீட்டில் ஒரு பிரிவும் உண்டு. லெட்சுமியின் தம்பி அழகுமுத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்றிச்சென்ற தேயிலைத்தூள் நனைந்தபோது, லொறி ஒழுகுகிறது என்றார். சிவசாமி பார்த்தார். லொறி ஒழுகவில்லை. அழகுமுத்து மேலே மூடும் படங்கை ஒழுங்காகக் கட்டவில்லை. கண்டதை லொறிச் சொந்தக்காரரிடம் அப்படியே சொன்னார். மச்சானுக்கு வேலை போனது. கொழும்புக்குப் போனவர் ஆறு தீபாவளிகளாக அக்கா வீட்டுக்கு வரவில்லை. லெட்சுமி இதைப் பற்றிக் கணவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயைப் பிடிப்பதை விட்டதுமில்லை.

போன வருடம் ஐப்பசி மழையில் ஹலீம் வந்தார். ஹட்டனில் மாவும் சீனியும் மொத்தமாக விற்கிறவர். அவருடைய பழைய வேனை ஓட்டும் பிரதாப், திம்புள்ள பக்கத்துத் தோட்டமொன்றில் குடியிருப்பவர். மாலையில் கடையில் சாமான் ஏற்றி வேனை லயத்துக்குக் கொண்டுபோவார். விடிந்ததும் தோட்டக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு மாதமாக, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் அடுக்கும் மாவு மூட்டைகளில் அடியில் இருப்பது நனைந்துபோகிறது.

ஹலீமின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. வேன் ஒழுகினால் மேல் மூட்டைதானே முதலில் நனைய வேண்டும்? அது காய்ந்திருக்கிறது. ஆகவே பிரதாப் மூட்டைகளை ஈரத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, வெறும் வேனில் யாருக்கோ மரக்கறி ஏற்றப் போகிறான், வந்து மறுபடி அடுக்குகிறான் என்றார். இரண்டு கராஜ்களில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. ஒரு துளியும் இறங்கவில்லை.

"வேன் ஒழுகுதா, இல்லாட்டி அவன் பொய் சொல்றானா, அத மட்டும் சொல்லு சிவசாமி. ஒழுகலன்னா திங்கக்கிழம சாவிய வாங்கிருவேன்."

"நான் கண்டத மட்டுந்தான் சொல்லுவேன் முதலாளி. பெறகு கோவிக்கக் கூடாது."

ஞாயிறு காலை பிரதாப் வேனைக் கொண்டுவந்தார். கேட்பதற்கு முன்னே பதில் சொன்னார். இறக்கவே இல்லைங்க, எங்கேயும் போகவே இல்லைங்க என்றார். சிவசாமிக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. பிரதாப்பை டீ குடிக்க அனுப்பிவிட்டு ரப்பர் விரிப்பைத் தூக்கினார். சீட்டுக்குப் பின்னால், தரை மடியும் இடத்தில், வாடிய லீக்ஸ் தாள்களும் செம்மண்ணும் முளைவிட்ட இரண்டு சின்ன உருளைக்கிழங்குகளும் கிடந்தன. ஹலீம் மரக்கறி விற்பதில்லை.

லெட்சுமியும் பார்த்தார். சிவசாமி எதையும் சொல்லாமல் அவற்றை ஒரு துணியில் சுற்றி, சுத்தியலும் சாவிகளும் வைக்கும் ஆயுதப் பைக்குள் போட்டார். வேலை முடியும்வரை எதையும் பேசாதது அவர் வழக்கம். லெட்சுமிக்கு அந்த வழக்கம் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

கொட்டகையில் ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்றினார்கள். பவுடர் கலையவில்லை. அத்துடன் முடித்திருக்கலாம், கையில் சாட்சியும் இருந்தது. ஆனால் சிவசாமி சாட்சியையும் நம்புகிறவரல்ல. மரக்கறி ஏற்றியவன் மூட்டையை நனைத்தான் என்று ஆகுமா? இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அவர் பிரதாப்பைக் கூப்பிட்டு, வேனை இரவில் எப்படி நிறுத்துவாய் என்று கேட்டார்.

பெட்டரி வீக் என்றார் பிரதாப். அதனால் லயத்துக்கு முன்னால் இறக்கத்தில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முன் டயருக்குக் கல் வைப்பார். காலையில் கல்லை எடுத்தால் உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். தோட்டத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் பலரும் செய்வதுதான். கராஜ்காரர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. எல்லாரும் சமதரையில் ஊற்றிப் பார்த்திருந்தார்கள்.

"அது தூங்குற எடத்துல பாக்கணும்" என்றார் சிவசாமி.

பிற்பகல் திம்புள்ளவுக்குப் போனார்கள். ஹலீமும் ஆட்டோவில் பின்னால் வந்துசேர்ந்தார். பிரதாப்பின் மனைவி கிருஷாந்தி டீ கொண்டுவந்தபோது, வேலை முடியட்டும் என்று சிவசாமி மறுத்துவிட்டார். கிருஷாந்தி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சாவி போனால் கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லசாமி மட்டும், "மழ பத்தலன்னு குழாய் வேற கொண்டாந்துட்டாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

லெட்சுமி கீழிருந்து ஊற்றினார். கதவு, ஒரு தட்டு. கண்ணாடி, ஒரு தட்டு. குழாய் கூரை ஓரத்துக்கு ஏறியது. அங்கே தண்ணீர் வடிய ஒரு சின்னக் கால்வாய் போன்ற மடிப்பு உண்டு. மட்டத்தில் நின்றால் தண்ணீர் பின்பக்கமாக ஓடிவிடும். இறக்கத்தில் முன்பக்கம் ஓடியது. ஆனால் வெளியேற வழியில்லை. மழைக்கு முன்னால் ஹலீமே கண்ணாடி ரப்பரை மாற்றச் சொல்லியிருந்தார். அப்போது பூசிய சிலிக்கன் பசை, மடிப்பின் முன் வாயை அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கி உயர்ந்தது.

உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

ஓட்டுநர் கதவுக்கு மேலே, தேங்கினால் மட்டும் எட்டும் உயரத்தில், மயிரிழை அளவு ஒரு வெடிப்பு. கதவுத் தூணின் பவுடரில் ஒரு மெல்லிய கோடு இறங்கி, இரவில் இருப்பது போலவே மறுபடி போட்டிருந்த ரப்பர் விரிப்புக்கு அடியில் போய் மறைந்தது. சிவசாமி ஹலீமை மூட்டை வைக்கும் இடத்தில் உட்காரச் சொல்லி, பிரதாப்பிடம் கல்லை எடுத்து வேனை மேட்டு ரோட்டுக்கு ஏற்றச் சொன்னார். மூக்கு மேலே தூக்கியதும் விரிப்புக்கு அடியில் கிடந்த தண்ணீர் பின்னால் ஓடிவந்தது. முதலாளி உடுத்தியிருந்த சாரம் அடியில் நனைந்தது, சட்டை காய்ந்திருந்தது.

ஹலீம் இறங்கி சாரத்தைப் பிழிந்தார். கூரை ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் வியாபாரி. பிரதாப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி, ஒழுகுது. விரிப்பெல்லாம் கழட்டினியே, வேற ஒண்ணும் கெடைக்கலியா? மரக்கறித் தாள், கீள்?"

பிரதாப்பின் பார்வை தரைக்குப் போனது. லெட்சுமி குழாயின் வாயை விரலால் அடைத்தபடி நின்றார். ஆயுதப் பை சிவசாமியின் காலடியில் இருந்தது.

"இல்லீங்க முதலாளி" என்றார் சிவசாமி.

பிறகு மடிப்பிலிருந்த பழைய சிலிக்கனைச் சுரண்டினார். துருவைத் தேய்த்து, துணியால் ஒற்றி, காற்றில் காயவிட்டு, வெடிப்பில் பசை வைத்தார். ஒரு நாள் நனையக்கூடாது என்று சாக்கு போட்டு மூடினார். ஆறிப்போன டீயை வாங்கிக் குடித்தார். பிரதாப்பிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் லெட்சுமி ஒரே ஒரு தடவை கேட்டார்: "என்னங்க, கண்டத சொல்லுவேன்னீங்களே?"

குழாயைச் சுருட்டி எடுத்தாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும், கால் கழுவும் முன்பே, லயத்துக்குப் பின்னால் போய் அந்தத் துணியைப் பிரித்து உதறினார்.