மாஸ்டரின் நாலு கிளப்ஸ்

பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து வந்து எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டரைக் கல்முனைச் சனம் 'அளாப்பி' என்று சொல்ல வைத்தவன் நான். அளாப்பி என்றால் விளையாட்டில் கள்ளம் செய்கிறவன். அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது அறுபதைக் கடந்துவிட்டேன். இடையில் யுத்தம் வந்து முடிந்தது. கடல் ஊருக்குள் வந்து திரும்பியது. அந்தப் பெரிய துன்பங்களின் பின்னால் என் சிறிய குற்றத்தை ஒளித்து வைக்கலாம் என்று சில காலம் நினைத்திருந்தேன். அது அங்கே இருக்க மறுக்கிறது.

வாப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி, ஊராருக்கு டொக்டர். பின்னேரங்களில் உத்தியோகத்தர் கிளப்புக்குப் போய் பிரிட்ஜ் விளையாடுவார். பந்தயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் அது சீட்டுத்தான் என்பது உம்மாவின் கட்சி. மாஸ்டர் வாப்பாவின் கூட்டாளி. இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். மற்ற இரண்டு கதிரைகளில் பெரும்பாலும் உம்மாவின் தம்பியான என் மாமாவும், கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்திருந்த நீர்ப்பாசன இன்ஜினியரும். மாமாவுக்குச் சொந்தமாக நெல் ஆலை இருந்தது. வாப்பாவிடம் தோற்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

அந்த வருடம் கிளப்பில் கோப்பைப் போட்டி ஒன்று வைத்தார்கள். அதற்கு முந்திய விடுமுறையில் மாஸ்டர் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பயிற்சிக்கு எதிராளிகள் வேண்டும் என்பதால் என்னையும் எனக்கு மூத்தவளான ராத்தாவையும் பிடித்து உட்கார்த்தினார்கள். ராத்தா எதற்கும் 'பாஸ்' என்று சொல்ல வேண்டும். நான் 'த்ரீ ஹார்ட்ஸ்' என்று சொல்ல வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான்.

எனக்கு எங்கள் ஊர்ச் சீட்டாட்டமான முன்னூற்றி நாலு விளையாடத் தெரியும். அதில் நல்ல கை வந்தால்தான் கேள்வியைக் கூட்டுவோம், அதாவது இவ்வளவு எடுப்பேன் என்று பெரிய தொகை சொல்வோம். இங்கேயோ மாஸ்டர் எனக்கு ஏழு ஹார்ட்ஸும் மற்றபடி குப்பையுமாகத் தெரிந்தெடுத்துத் தந்துவிட்டு, ஆகப் பெரிதாகக் கேட்கச் சொன்னார்.

"சேர், இதில ஒரு ஏஸும் இல்லயே. நான் என்னத்துக்கு இவ்வளவு கேக்க?"

"அதுக்குத்தான் மனே. உன்னட்ட ஒண்டும் இல்ல, எங்களிட்டத்தான் எல்லாம் இரிக்கி. நாங்க ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைச்சு முடிவெடுக்க இடம் விடாம நீ முந்திக் கத்துறாய்."

"மறுகா நீங்க என்ன செய்வீங்க?"

"நான் 'ஃபோர் கிளப்ஸ்' எண்டு சொல்லுவன்."

அவர் கையைப் பார்த்தேன். கிளப்ஸில், அதாவது கிளாவரில், ஒரேயொரு இரண்டு மட்டும் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்த வாப்பாவோ அதைக் கேட்டதும் கிளப்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் 'ஃபோர் ஸ்பேட்ஸ்' என்றார். எதிராளி மூன்றில் தொடங்கினால் நாலு கிளப்ஸ் என்பது கிளப்ஸ் இருக்கிறது என்பதல்ல. 'எனக்குக் கை நல்லம், உங்களிடம் எது நீளமோ அதைச் சொல்லுங்கள்' என்பதாம். கொழும்பிலிருந்து வந்த ஒரு புத்தகத்தில் அப்படி இருந்ததாம். மாஸ்டர் பொறுமையாக இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இல்லாததை இருக்கிறது என்று இவர் சொல்கிறார், அது பொய் என்று வாப்பாவுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. முன்னூற்றி நாலில் இதைச் செய்தால் ராத்தா என் காதைத் திருகுவாள்.

உம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "இவரக் கெடுத்தது காணாதா மாஸ்டர்? புள்ளையளையும் கெடுக்கணுமா?"

"நான் கெடுக்கயில்ல தங்கச்சி, டொக்டர் கெட்ட பிறகுதான் என்னட்ட வந்தவர்" என்றார் மாஸ்டர். வாப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்த ஒற்றைக் கிளப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் மாமா என்னைச் சைக்கிளில் ஏற்றி ஆலைக்குக் கூட்டிப் போனார். வழியில் கேட்டார்: "மருமகன், ரெண்டு பேரும் வீட்டில கதவப் பூட்டிக்கிட்டு என்ன ஓதுறாங்க?"

கதவு ஒருநாளும் பூட்டப்பட்டதில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதர் என்னிடம் இரகசியம் கேட்பது அதுவே முதல் தடவை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, "கிளப்ஸ் இல்லாமலா? நல்லா நினைச்சுச் சொல்லு" என்று கேட்டார். "ஓம் மாமா, ஒரேயொரு இரண்டு" என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் மாமாவே என்னைக் கிளப்புக்கு அழைத்துப் போனார். கடைசி ஆட்டங்களில் ஒன்றில் இன்ஜினியர் சீட்டுகளைத் தட்டி அடுக்கிவிட்டு 'த்ரீ ஹார்ட்ஸ்' என்றார். அது என்னுடைய வசனம். மாஸ்டர் 'ஃபோர் கிளப்ஸ்' என்றார். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே 'பாஸ்' என்றார். வாப்பா 'ஃபோர் ஸ்பேட்ஸ்' என்றார். பிரிட்ஜில் கேள்வியை எடுத்தவர் விளையாட, அவருடைய கூட்டாளி தன் கையை மேசையில் விரித்து வைக்க வேண்டும். மாஸ்டர் விரித்தார். அதில் கிளப்ஸ் ஒன்றே ஒன்று.

மாமா குனிந்து விரலால் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்த்தார். "நாலு கிளப்ஸ் கேட்ட மாஸ்டர், மிச்சக் கிளப்ஸ் எங்க? காரைதீவில வச்சிட்டு வந்தீங்களா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். மாமா நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இது ரெண்டு பேரும் பேசி வச்சுச் செய்யிற வேலை. நான் சொல்லல்ல, மச்சான்ட மகனே சொல்றான்."

இன்ஜினியர் வாப்பாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். வாப்பா அந்தக் கேள்வியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நீயா மகன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

கிளப் முழுவதும் என்னைப் பார்த்தது. வாப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த அவசரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "வாப்பா ஒண்டும் செய்யல்ல. மாஸ்டர்தான் சொல்லிக் குடுத்தவர்."

மாஸ்டர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தன் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு மாஸ்டர், "ஓம், நான்தான் சொல்லிக் குடுத்த" என்று எழுந்தார். கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் கிளப்புக்கு வரவில்லை.

பாடசாலைக்கு வந்தார். வகுப்புக் கரும்பலகையில் யாரோ சோக்கட்டியால் பெரிய கிளப்ஸ் அடையாளம் ஒன்று கீறி, கீழே 'அளாப்பி' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியும். அழிப்பதற்கு நேரமும் இருந்தது. மாஸ்டர் வந்து தானே அழித்துவிட்டு அன்றைய பாடத்தைத் தொடங்கினார். பின்வரிசையில் ஒருவன், "சேர், கணக்கில நாலு எண்டா ஒண்டா?" என்று கேட்டான். அவர் அதையும் கேட்காதவர் போலக் கடந்தார். அடுத்த தவணைக்குத் திருக்கோவிலுக்கு மாற்றம் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

அவரை மறுபடி நான் கண்டது கடல் வந்த அந்த வாரத்தில். கரையோரச் சனமெல்லாம் உள்ளே ஓடி, சவளக்கடைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழர்களும் முஸ்லிம்களுமாக நிரம்பியிருந்தோம். வாத்தியார் என்பதால் பெயர் பதியும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். யாரோ கொடுத்த சாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு மெலிந்த கிழவர் ஒருவர் வரிசையில் வந்தார். பெயரைச் சொன்னார். என் பேனை நின்றது.

"நீ டொக்டர்ர மகன் எலா?" என்றார். "வாப்பா இரிக்காரா?"

"மௌத்தாகி இருபது வருசமாச்சு சேர்." அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அண்டைக்கு நான்தான் மாமாட்ட..."

"அது தெரிஞ்சதுதானே." பல்லில்லாமல் சிரித்தார். "அது அளாப்பு இல்ல மனே. உலகம் முழுக்க அப்படித்தான் விளையாடுறாங்க. ஆட்டம் தொடங்க முந்தி எதிராளிட்டச் சொல்லிப்போடணும், அவ்வளவுதான். சொல்லாம வச்சிருந்தாத்தான் பிழை."

"மறுகா ஏன் சேர் சொல்லாம விட்ட?"

அவர் வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "சொல்றன் எண்டு ஒராள் பொறுப்பெடுத்திருந்தவர்" என்றார். பிறகு, "எழுது மனே, சனம் நிக்கிது."

எழுதினேன். அவர் நகர்ந்த பிறகுதான் யாரைச் சொன்னார் என்று யோசித்தேன். கிளப்பின் செயலாளர் வாப்பா. கூட்டாளியின் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எதிராளிக்குச் சொல்ல வேண்டியவரும் வாப்பா. இன்ஜினியர் அன்று கேட்டதும் அதைத்தான் இருக்க வேண்டும். மறந்தாரா, மச்சினனை ஒருதரம் வாயடைக்க வைக்க ஆசைப்பட்டு மறைத்தாரா? எனக்குத் தெரியாது. யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்ட பிறகு, ஆறுதலாக இருந்து கேட்கலாமென்று காரைதீவுக்குப் போனேன். வீட்டில் அவருடைய அந்தியேட்டிக்கு, அவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, பந்தல் போட்டிருந்தார்கள்.

கிளப்பிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரம் வாப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து உழக்கிக்கொண்டு வந்தார். அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சந்தைக்கு முன்னால் நிறுத்தி எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல் ஏசவில்லை. வாப்பாவைக் காப்பாற்றியதற்கு அவர் தந்த பரிசு அது என்று எண்ணி, இன்னொரு கிளாஸ் கேட்டேன். அதையும் வாங்கித் தந்தார்.