ஸ்டெல்லா அக்கா என் கழுத்தைத் தொட்ட நாள்

செய்தி வந்தபோது தங்காக் ஊரில் ஒரு சேலைக் கடையில் நின்றிருந்தேன். கைபேசியில், எங்கள் கிளினிக் குழுவில் ஒரு குரல் பதிவு: நம் ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். கடைக்காரர் சேலைகளை விரித்துக்கொண்டே இருந்தார். நீலம், மஞ்சள், மறுபடி நீலம்.

கூலாய் கிளினிக்கில் அவர் ரத்தம் எடுப்பார். நான் முன்மேசையில் பெயர் பதிவேன். ஊசி குத்தும் முன் "இன்னைக்கு என்ன சமையல்?" என்பார். பதில் முடிவதற்குள் ரத்தம் குழாயில் இருக்கும். அங்கே ரத்தம் கொடுத்த உங்களில் பலர் அவரிடம் பொய்ச் சமையல் சொல்லியிருப்பீர்கள்.

கோவிட் காய்ச்சல் விட்ட சில வாரங்களில் தைப்பூச விரதம் இருந்தேன். உடம்பு மெலிந்தது, விரல்கள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. கால் தரையில் பாவாமல் மிதப்பது போலிருந்தது. "முருகன் இறங்கிட்டாரு லா," என்று கோயில் பெண்கள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

கிளினிக்கில் அக்கா மட்டும் என் கையையே பார்த்தார்.

"மல்லி, கழுத்து வலிக்குதா?"

"எச்சில் முழுங்கினா வலிக்குதுக்கா."

தொட்டார். அலறிவிட்டேன்.

"அலமாக்!" என்று பதறினார். "கையை நீட்டு, ரத்தம் எடுக்கணும்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க சாமியப் பத்தி என்ன தெரியும்?" என்று சீறினேன்.

"சாமி வந்தாரான்னு எனக்குத் தெரியல. கழுத்து வீங்கியிருக்கு, அது தெரியுது."

பரிசோதனையில் தெரிந்தது: வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தைராய்டு சுரப்பி வீங்கி, அதில் இருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிந்திருந்தது. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்று சொல்லி, வலிக்கும் படபடப்புக்கும் மட்டும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் மூன்று நாள் அக்காவிடம் பேசவில்லை. என் அருளை அவர் பிடுங்கிக்கொண்டதாகக் கோபம்.

எல்லாம் அடங்கியபின் அடுத்த கோவிட் தடுப்பூசிக்கு முறை வந்தது. ஊசியாலும் இப்படி வருமாமே என்று பயந்து அக்காவிடம் கேட்டேன்.

"அபூர்வமா சிலருக்கு வந்திருக்கு. உனக்கு வருமான்னு தெரியல. டாக்டரைக் கேட்போம். போட்டுக்கிட்டா அப்புறம் ரத்தம் நான் எடுக்கிறேன்."

டாக்டர் போடச் சொன்னார். போட்டேன். கை மட்டும் இரண்டு நாள் வலித்தது. அடுத்த தைப்பூசத்தில் நான் பால்குடம் எடுத்தபோது, ஜெபமாலை போட்ட கழுத்தோடு அக்கா என் செருப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

அடக்கத்தன்று அவர் மகள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "அம்மாவுக்கு வலிச்சிருக்குமா?" எல்லோரும் "இல்லம்மா" என்றார்கள். என்னிடமும் வந்தாள்.

"தெரியலம்மா," என்றேன். "வா, என்கிட்ட உக்காரு."

அப்போதுதான் அவள் அழுதாள். அக்கா எனக்கு விட்டுப்போனது 'தெரியல' என்ற அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல் இருப்பதும்.