ராணி சாவதற்குள் அப்பா மேடையேறினார்

முகத்தில் அப்பிய ரோஸ் பவுடர் வியர்வையில் கரைந்து உதட்டோரம் வழிந்தது. நாக்கில் பட்டுக் கசந்தது... ஏழாம் வகுப்பு ஆண்டுவிழா என்றால் எனக்கு இன்றும் அந்தக் கசப்புதான் முதலில் வருகிறது.

பெரம்பலூரில் எங்கள் பள்ளியில் அந்த வருடம் இங்கிலீஷ் நாடகம் போட்டார்கள். நான் ராணி. கடைசிக் காட்சியில் நீளமான ஒரு வசனம் பேசிவிட்டுச் சாக வேண்டும். நன்றாகச் செத்தால் திருச்சியில் நடக்கும் போட்டிக்கு அழைத்துப்போவதாக மிஸ் சொல்லியிருந்தார். அதற்காகவே கண்ணாடி முன்னால் தினமும் செத்துக்கொண்டிருந்தேன்.

"கயல், யூ மஸ்ட் பிரிங் தி ஹவுஸ் டவுன்" என்றார் மிஸ். கைதட்டலில் அரங்கமே இடிந்து விழ வேண்டுமாம். நான் சும்மா இருப்பேனா? லைப்ரரியில் பெரிய டிக்‌ஷனரியைப் புரட்டினேன். சீட்டாட்டத்திலும் ஒரு ஹவுஸ் உண்டாம். அங்கே ஹவுஸ் என்றால் ஆட்டத்தை நடத்தும் ஆள். அவரையே தோற்கடித்து, இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போவது என்று நானே ஓர் அர்த்தம் சேர்த்துக்கொண்டேன்.

சீட்டு என்றால் அப்பாவிடம்தானே சொல்ல வேண்டும்! அப்பா அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். லோடுக்குக் காத்திருக்கும்போது ஷெட்டில் சீட்டுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளி செல்வம் மாமாவும் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரிடமும் இரண்டு அர்த்தத்தையும் சொன்னேன்.

"வூட்ட இடிக்கச் சொல்லிக் குடுக்கறதுக்கா இம்புட்டு பீஸ் வாங்குறானுங்க?" என்றார் மாமா.

"சும்மா இருடா. சீட்டுல நமக்கு எங்க அதெல்லாம் நடக்குது... நாடகத்துலயாவது எம்புள்ள இடிச்சுத் தள்ளட்டும்" என்றார் அப்பா.

விழாவன்று இரண்டு பேரும் ஷெட்டிலிருந்து நேராக வந்துவிட்டார்கள். காக்கிச் சட்டை, தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசி. மேடையிலிருந்தே பார்த்துவிட்டேன்.

கடைசிக் காட்சி. அரங்கில் சத்தமே இல்லை. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி வசனம் வந்திருப்பேன்... அப்பா எழுந்தார். நடந்தார். மேடை ஏறினார்.

வாலிகண்டபுரம் பக்கம் எங்கள் ஊரில் திருவிழா நாடகம் என்றால் அப்படித்தான். நடிப்பு பிடித்துவிட்டால் நடுக்காட்சியிலேயே மேடையேறி, நடிப்பவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி, மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். அது மரியாதை. சொந்தக்காரர் நடிக்கும்போது குத்தாமல் உட்கார்ந்திருந்தால் ஊரே பேசும்.

அப்பா என் வெல்வெட் அங்கியில் நூறு ரூபாய் நோட்டை ஊக்கால் குத்தினார். மைக்கைப் பிடித்தார்.

"ராணியா நடிக்கும் செல்வி கயல்விழி அவர்களின் நடிப்பைப் பாராட்டி, அரியலூர் லாரி ஷெட் நண்பர்கள் சார்பாக அன்பளிப்பு!"

கீழேயிருந்து செல்வம் மாமா விசில் அடித்தார். அவ்வளவுதான்... அரங்கமே வெடித்தது. சிரிப்பு, கைதட்டல், பெஞ்சைத் தட்டும் சத்தம். மிஸ் சொன்னது நடந்தேவிட்டது. எனக்காக இல்லை.

வசனம் மறந்துபோனது. நெஞ்சில் நோட்டு ஆட, அப்படியே நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து மிஸ், "கயல், செத்துடு! சீக்கிரம் செத்துடு!" என்றார். உண்மையிலேயே செத்துவிடத்தான் தோன்றியது.

திருச்சிக்கு வேறு ஒரு பெண் போனாள்.

அன்று பைக்கில் திரும்பும்போது, பெரம்பலூர் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"ஏம் பாப்பா... அப்பா எதும் தப்பா பண்ணிட்டனா?"

நான் அவர் முதுகில் சாயாமல், பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும், "எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அதான் கேட்டேன்" என்றார்.

இப்போது ப்ளஸ் டூ. இந்த வருட ஆண்டுவிழாவில் மாணவிகள் சார்பாக நான்தான் பேசினேன். அப்பா அரியலூரிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா மட்டும் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டுவதைப் பார்த்த பிறகுதான் மெதுவாகத் தட்டினார். மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்...