தறிக்குழிக்குள் வந்த மழை

ஆட்டையாம்பட்டியில் நான் வளர்ந்த தெருவுக்குப் புளித்த கஞ்சியின் வாடை உண்டு. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் ‘பாவு’ என்னும் நீளவாட்டு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலேறுவதற்குள் காயவைத்துச் சுருட்டிவிடுவார்கள். நெசவுக்காரர்களுக்குத் தெருதான் பொதுவான வேலைக்கூடம். மழை விட்டால் மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அதோடு வீட்டு ஓட்டுத் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் வாரக்கணக்கில் சேறுதான்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படித்தான் சேர்ந்தது. “ஏனுங்ண்ணா, உங்கூட்டுத் தண்ணியில நாங்க நாத்து நட்டுக்கலாமுங்களா?” என்று எதிர்வீட்டுச் செல்லாயக்கா அப்பாவை வழிமறித்துக் கேட்க, தெருவே சிரித்தது.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி எங்கள் தண்ணீர் தெருவுக்கு வராது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, சித்தப்பாவோடு சேர்ந்து பக்கவாட்டுச் சந்தில் ஆளுயரக் குழி வெட்டினார். அடியில் கருங்கல், அதன்மேல் உடைந்த ஓடும் செங்கல்லும், மேலே மணல். சந்தின் தெருமுனையில் சிறு மண்கரை. “தண்ணி தானா எங்க போய் நிக்குதோ அங்கதான் குழி” என்றார் சித்தப்பா. தண்ணீர் போய் நின்றது தறிவீட்டுச் சுவரோரம். சுவருக்கு மறுபுறம் தறிக்குழி. அப்பா நாள் முழுதும் அதற்குள் கால்விட்டு மிதிகட்டைகளை மிதிப்பவர்தான். ஆனாலும் பிறந்தது முதல் பார்த்துவந்த அந்த இடமும் ஒரு பள்ளம்தான் என்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது தறியில் இருந்தது அத்தையின் கல்யாணச் சேலை. யுத்த காலம், நூலுக்குத் தட்டுப்பாடு; பட்டு நூலை உறவுக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கேட்டுச் சேர்த்திருந்தார்கள். கெட்டுப்போனால் இன்னொரு பாவுக்கு நூல் கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீரெல்லாம் மணலுக்குள் மறைவதைப் பார்த்து, சித்தப்பா நனைந்துகொண்டே, “குடிக்குது பாரு சாமி, குடிக்குது!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாளும் மழை விடவில்லை. தறிவீட்டுக்குள் போன அத்தை, “அண்ணா, தறிக்குழியில தண்ணி ஊறுதுங்கண்ணா!” என்று அலறினாள்.

மிதிகட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. குழியின் மண்சுவர் சரிந்து, தறிக்கால் ஒன்று சாயத் தொடங்கியிருந்தது. அது விழுந்தால் சேலை சேற்றில் போகும். நானும் அம்மாவும் குடம் குடமாய் இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. சித்தப்பா தறிக்காலைத் தோளால் தாங்கி நின்றார். கரையை வெட்டித் தண்ணீரைத் தெருவுக்கு விடுவது ஒன்றே வழி. அப்பா மண்வெட்டியோடு கரைமேல் நின்றாரே தவிர, வெட்ட மனம் வரவில்லை.

சத்தம் கேட்டுத் தலையில் சாக்கோடு வந்த செல்லாயக்கா, “என்னங்ண்ணா, கரை வெட்ட நல்ல நேரம் பாக்கறீங்களா?” என்று மண்வெட்டியைப் பிடுங்கி, தானே வெட்டினாள். “அடுத்துத் தெருவுல இழுத்துக் கட்ட வேண்டியது எங்க பாவுதானுங்க. அது கெடக்கட்டும். கண்ணாலப் பொண்ணு சேலையில சேறு படலாமுங்களா?”

சாயங்காலத்துக்குள் குழித் தண்ணீர் வடிந்தது. அத்தை அந்தச் சேலையைத்தான் உடுத்தினாள். தெரு காயும்வரை செல்லாயக்கா வீட்டுத் தறி சும்மா கிடந்தது.

இப்போது அந்தத் தெருவில் பாவு ஓடுவதில்லை; சிமெண்டு போட்டுவிட்டார்கள். சேலத்தில் என் மகள் கட்டிய வீட்டில் மழைநீர்க் குழியைச் சுவரை விட்டுத் தள்ளி வெட்டச் சொன்னேன். “அங்க என்ன தறியாம்மா இருக்குது?” என்று சிரித்துவிட்டு, சுவரோரமே வெட்டவைத்தாள். போன வாரம் பெய்த மழையில் அந்தக் குழி நிரம்பி, பேத்தி படுத்திருந்த அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. குழந்தையைக் கட்டில்மேல் நிற்கவைத்துவிட்டு நாங்கள் இருவரும் இறைத்தோம். வாளியோடு வாசலுக்கு வந்து நிமிர்ந்தபோது, எதிர்வீட்டு இரும்புக் கேட் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. உதவிக்குக் கூப்பிடலாம் என நினைத்து, அங்கே இருப்பவர்கள் பெயரென்ன என்று மகளைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.